பின்கதவில் பிடி இல்லை

குளிர்காலத்தில் வெயிலே எட்டிப் பார்க்காத ரியூக்கான் பள்ளத்தாக்கு எங்களுடையது. நான்கு மணிக்கே இருட்டிவிடும். அப்படி ஓர் இருட்டில்தான் மழலையர் பள்ளியிலிருந்து என் மகள் தூவாவை அழைத்துக்கொண்டு வந்து வாசலில் காரை நிறுத்தினேன். இரண்டரை வயது அவளுக்கு. பின் இருக்கையில், வார் போட்ட குழந்தை நாற்காலியில், வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

எழுப்பவில்லை. எங்கள் ஊரில் தூங்குகிற குழந்தையை யாரும் எழுப்ப மாட்டார்கள். பனியில் தள்ளுவண்டியோடு வாசலில் விட்டே பிள்ளைகளைத் தூங்கவைக்கிற சனம் நாங்கள். கார் என்றால் இன்னும் வசதி. காரின் சூடாக்கியை ஓடவிட்டு, குழந்தையின் சத்தத்தை வாங்கி அனுப்பும் கருவியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அதன் ஜோடியோடு வீட்டுக்குள் போனேன்.

அது போன வாரம் ஏலத்தில் மலிவாகக் கிடைத்த மின்சாரக் கார். வெளியே கைப்பிடியே தெரியாது. கதவோடு கதவாக வழவழவென்று படுத்திருக்கும், ஆள் நெருங்கினால் தானாக எழும்பும். உள்ளேயும் பிடி கிடையாது, திறக்க ஒரு பொத்தான்தான். தெருச்சத்தம் கேட்காத இரட்டைக் கண்ணாடி. என் மனைவி ஓஷில் அதில் சொக்கிப்போனாள். பக்கத்து வீட்டு ஹால்வார்தான் சிரித்தார்.

"கைப்பிடி இல்லாத கார வாங்கிட்டு வந்திருக்கான் பாரு. அடுத்து சக்கரம் இல்லாம வாங்குவான்!"

சமையலறையில் ஓஷில் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தாள். தூவா கண்விழித்ததும் கேட்பாளென்று பழுப்புச் சீஸை மெல்லிசாகச் சீவித் தட்டில் வைத்திருந்தாள். கருவியில் குழந்தையின் மூச்சு கேட்டது. தூக்கத்திலும் அவளுக்கு ஒரு முனகல் உண்டு. ம்ம்-ம்-ம்ம் என்று, பாதிப் பாட்டு மாதிரி.

"சிந்த்ரே," என்றாள் ஓஷில், கரண்டியைப் பிடித்தபடி. "கொஞ்சம் கேளேன். யாரு அது ரெண்டாவது?"

இரண்டு மூச்சு கேட்டது.

பிறகு ஒரு சுரண்டல். நகத்தால் பிளாஸ்டிக்கைக் கீறுகிற சத்தம்.

பிறகு ஒரு சிறுமியின் கிசுகிசுப்பு. அது எங்கள் மகளின் குரல் இல்லை.

"பிடி எங்க? இங்க பிடியே இல்லையே..."

செருப்புகூடப் போடாமல் பனியில் ஓடினோம்.

கார் செத்துக் கிடந்தது. விளக்கில்லை, சூடாக்கியின் இரைச்சலில்லை. கைப்பிடிகள் எழும்பவில்லை. கதவைத் திறக்கும் செயலியைக் கைபேசியில் தட்டினேன், காரைக் காணவில்லை என்றது. கார் என் கண் முன்னால்தான் நின்றது! ஆவி படிந்த கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு சின்ன உள்ளங்கை பதிந்திருந்தது. அதற்கு மேலே, அதைவிடப் பெரிதாக இன்னொன்று.

பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது.

ஹால்வார் சுத்தியலோடு ஓடிவந்து பின்கண்ணாடியில் ஓங்கி அடித்தார்.

"என்ன எழவு கண்ணாடிடா இது! சுத்தியல் துள்ளுது!"

கண்ணாடி நூல் நூலாக விரிந்ததே தவிர விழவில்லை. கடைசியில் கோடரியால் முன்கண்ணாடியைப் பிளந்து, உடம்பு கிழிய உள்ளே நுழைந்து, வாரை அவிழ்த்து இழுத்தேன். ஒரு குழந்தைதான் வந்தது. பின் இருக்கையில் வேறு யாருமில்லை.

ஓஷில் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். குழந்தை அழவில்லை.

மறுநாள் காரைப் பழைய இரும்புக்கு இழுத்துப்போக வந்த குன்வோர், பின்கதவின் பைக்குள் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள்.

"சில வண்டில இங்க ஒரு கயிறு இருக்கும். கரண்ட் போனா இழுத்துத் தொறக்கலாம். இதுல வைக்கவே இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "இந்தக் கீறலப் பாருங்க. பழசு. உங்க பொண்ணு விரல் இவ்வளவு பெருசு இல்லையே?"

பின் இருக்கையின் இடுக்கில் கிடந்த கருவியைக்கூட மறந்து வண்டியை அனுப்பிவிட்டேன்.

தூவா பழுப்புச் சீஸைத் தள்ளிவிட்டாள். முனகுவதை நிறுத்தினாள். நாளெல்லாம் சமையலறைக் கதவின் பிடியைப் பிடித்தபடி நின்றாள், விடவே மாட்டேன் என்றாள். அதிர்ச்சிதான், சரியாகிவிடும் என்றார் மருத்துவர். நாங்களும் நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது?

அந்த வாரக் கடைசியில், காலைச் சாப்பாட்டின்போது, அலமாரியில் இருந்த ஜோடிக் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

ம்ம்-ம்-ம்ம்.

ஓஷிலின் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது.

"அப்பா? அப்பா வா!"

கைபேசியில் குன்வோரைக் கூப்பிட்டேன்.

"அந்த வண்டியா? நேத்தே நசுக்கித் தட்டையாக்கியாச்சே," என்றாள். "ஏன், உள்ள ஏதாவது விட்டுட்டீங்களா?"

கருவியில் சின்ன நகங்கள் எதையோ சுரண்டத் தொடங்கின.

கதவருகே நின்றிருந்த குழந்தை, பிடியை விடாமலே, மெல்லத் திரும்பினாள். எங்கள் தூவாவுக்கு இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேச வராது.

"அத அணைச்சிடுங்க," என்றாள். "கொஞ்ச நாள் கத்துவா. அப்புறம் பழகிடும்."