நாற்பத்தொரு கீறல்

காலை ஆறரைக்கே பெரியவளின் குரல் மாடிப்படி ஏறி வந்துவிட்டது.

"இன்னைக்கும் அந்த ரூமுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கப் போறியா? பெத்த பொண்ணு நாலு வருஷம் கழிச்சு வர்றா... இவ ஸ்க்ரூ டிரைவரும் கையுமா உக்காந்திருக்கா! நல்லா இருக்குடியம்மா உன் கூத்து!"

சின்னவளுக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. கணவன் போன பிறகு, எட்டு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த வீட்டின் மாடியறைக்கு வந்த நாளிலிருந்து, கீழேயிருந்து வருவதையெல்லாம் அவள் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். சோறும் வந்தது, சொல்லும் வந்தது. கணவனின் அண்ணன், அவள் மூத்தார், பள்ளி வேன் ஓட்டுபவர். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேச அவர் மனைவி பெரியவள் இருந்தாள்.

மூன்று நாள் முன்பு மகளின் செய்தி வந்ததும் பெரியவளின் போனுக்குத்தான். 'பெரியம்மா, வெளிநாட்டுல வேலை கெடச்சிருக்கு. வியாழக்கிழமை காலைல வர்றேன். என் சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்க. ரெண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிடுவேன்.' யாரிடம் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. சின்னவள் அந்த போனை நாலு தடவை வாங்கிப் படித்தாள். எத்தனை தடவை படித்தாலும் அதில் 'அம்மா' என்ற சொல் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவளிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசுப் பணத்தில், பழைய பாகங்களாகப் பொறுக்கி அவளே சேர்த்துக் கட்டியது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்கெங்கோ இருக்கும் நாலு பேரோடு சேர்ந்து விளையாடுவாள். பெரிய போட்டி ஒன்றில் கடைசிச் சுற்று வரைக்கும் போயிருந்தார்கள். அந்தச் சுற்றுக்கு முதல் நாள் கல்லூரியிலிருந்து திரும்பி வந்தால்... மேஜை காலி!

"எங்கேம்மா?"

"வித்துட்டேன்."

"எதும்மா? என் கம்ப்யூட்டரயா?"

"வயசுப் பொண்ணுக்கு அதெல்லாம் எதுக்கு? வித்துட்டேன். போய்க் கை கால் கழுவு."

மகள் அழவில்லை. அழுதிருந்தால் சின்னவள் அப்போதே உடைந்து உண்மையைச் சொல்லியிருப்பாள். ஒரே வாரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனாள். படிப்பு முடிந்தது, வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஞாயிறுதோறும் சின்னவள் போன் செய்வாள். மணி அடித்து அடித்து ஓயும்.

வித்துட்டேன் என்றது பொய். இன்னும் நாலு வருஷம் கழித்துக் கேட்டாலும் சின்னவள் அதே பொய்யை அதே முகத்தோடு சொல்வாள். அதற்குக் காரணமானவர் இந்தக் காலையிலும் கீழே வாசலில் நின்று வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

*

சின்னவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்பக்கம் சிரித்து விற்பவர்கள் வேறே. இவள் பின்னறையில் உட்கார்ந்து சட்டத்துக்கு லென்ஸ் பொருத்துவாள், கடுகை விடச் சிறிய திருகாணிகளை மாட்டுவாள். நாள் முழுக்க யாரும் அவளோடு பேச வேண்டிய தேவையே இருக்காது. வீட்டுக்கு வந்தால் பேச்சு இருக்கும், ஆனால் அது பேச்சில்லை, ஏச்சு. "சொந்தப் பொண்ணு பொருளையே வித்துத் தின்னவ" என்று பெரியவள் யாரிடம் சொன்னாலும் இவள் காதில் விழும்படிதான் சொல்வாள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு மதிய இடைவேளையில், கடைக்குப் பின்சந்தில் இருந்த கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடைக்குள் சின்னவள் நுழைந்தாள்.

"விளையாடுற கம்ப்யூட்டர் ஒண்ணு செய்யணும்ங்க."

கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். "பேரனுக்காம்மா?"

"பொண்ணுக்கு. அவ நல்லா விளையாடுவா."

"என்ன விளையாட்டு?"

"பேரு தெரியல... அஞ்சு பேரு துப்பாக்கி வெச்சுக்கிட்டு ஓடுவாங்க."

"பட்ஜெட் எவ்ளோ?"

மாதம் இவ்வளவுதான் ஒதுக்க முடியும் என்று சொன்னாள். கடைக்காரர் சிரித்தார். சிரித்த வேகத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்தது. சின்னவள் கையை நீட்டி அதை வாங்கினாள். பையிலிருந்த குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இரண்டு திருகு திருகி, அவர் காதில் நிற்கும்படி வளைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த மனிதர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இங்க பாருங்கம்மா. எல்லாத்தையும் ஒரே நேரத்துல வாங்க வேணாம். மாசம் ஒண்ணு. ப்ராசஸர் நடுத்தரமா இருந்தாப் போதும், அதுதான் மூளை. கிராபிக்ஸ் கார்டுதான் கண்ணு. மூளைக்குக் கொட்டிட்டுக் கண்ணுல மிச்சம் பிடிச்சா விளையாட முடியாது."

கண் விஷயம் சின்னவளுக்கு விளங்கும்.

"ரேம் ஒரே பட்டையா வாங்காதீங்க, ரெண்டா வாங்கிச் சேத்துப் போடுங்க, ஓட்டம் நல்லா இருக்கும். பவர் சப்ளைல மட்டும் கஞ்சத்தனம் ஆகாது. அது போச்சுன்னா மத்ததையும் இழுத்துக்கிட்டுப் போயிடும்."

"எதுலதாங்க மிச்சம் பிடிக்கிறது?"

"பெட்டில! கலர் கலரா லைட் எரியுற பெட்டின்னு சொல்லி நானே உங்க தலைல கட்டுவேன், ஏமாறாதீங்க. அந்தக் காசுக்கு கார்டு ஒரு படி மேல வாங்கலாம். பெட்டியா விளையாடப் போகுது? வீட்டுல பழைய பெட்டி ஏதாவது இருக்கா?"



"இருக்கு."

பரணில் போர்வை சுற்றிக் கிடந்தது அது. உள்ளே இருந்ததெல்லாம் உடைந்த பின்னும் கூட்டைத் தூக்கிப்போட அவளுக்கு மனம் வரவில்லை. அன்று மாலை இறக்கினாள். கண்களின் இடைவெளியை அளக்கும் அளவுகோலால் அதன் உட்புறத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதிக்கொண்டாள். இரண்டு விசிறி உள்ள கார்டு தாராளமாக உட்காரும். நசுங்கிய மூலையைத் துணி வைத்துத் தட்டி நிமிர்த்தினாள். ஒரு பக்கத் தகட்டில் கீறல் கீறலாக இருந்தது. தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மாதம் ஒரு அட்டைப்பெட்டி மாடியேறியது. "எவனுக்கு வாங்கி அடுக்குறாளோ!" என்று பெரியவள் கேட்டதையும் சேர்த்துத்தான் சின்னவள் வாங்கிக்கொண்டாள். நடுவில் பல நாள், விலை தெரிந்த பொருளுக்கே விலை கேட்கிற சாக்கில் சந்துக் கடைக்குப் போய் நிற்பாள். அங்கே மட்டும்தான், "எம் பொண்ணு வந்து பாத்தா சந்தோஷப்படுவா" என்று சொல்ல முடிந்தது. பக்கத்து அறையில் மகள் இருப்பதுபோலவே சொல்வாள்... கடைக்காரர் ஒருநாளும் குறுக்கே கேட்டதில்லை.

கடைசித் திருகாணி போன வாரம்தான் இறங்கியது. கடைக்காரரே வந்து விளையாட்டுகளை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் மகள் வெளிநாடு போகிற செய்தி வந்தது.

*

ஒன்பது மணிக்கு மகள் வந்தாள். இளைத்திருந்தாள். பெரியம்மாவின் கையைப் பிடித்தாள், பெரியப்பாவிடம் நலம் கேட்டாள். மாடிக்கு வந்து தாயின் முகத்தைப் பார்க்காமலே, "சர்டிபிகேட்?" என்றாள்.

எல்லாம் உறை போட்டு மேஜைமேல் இருந்தது. உறைக்குப் பக்கத்தில் அதுவும் இருந்தது.

"என்ன இது?"

"உனக்குத்தாம்மா... நானே வாங்கிச் சேத்தேன். கார்டு நல்ல கார்டு. ரேம்கூட ரெண்டு..."

"யாருக்கு வேணும்?" மகள் உறையை மட்டும் எடுத்துக்கொண்டாள். "நான் விளையாடுறத விட்டு நாலு வருஷம் ஆச்சு! எனக்காகக் காத்திருந்த நாலு பேருகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? எங்கம்மா வித்துட்டாங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவங்க யாரும் என்கிட்ட பேசல. கேக்காம வித்துட்டு, கேக்காம வாங்கி வெச்சா... சரியாப் போயிடுமா?"

"ஒரே ஒரு தடவ ஆன் பண்ணிப் பாத்துட்டுப் போ. எனக்காக வேணாம்... ஒன்றரை வருஷம் ஆச்சு, அதுக்காக."

சின்னவளே பட்டனை அமுக்கினாள். ஒன்றும் எரியவில்லை. மறுபடி அமுக்கினாள். விசிறி அசையவில்லை. ஐயோ! நேற்று ஓடியதே! விரல் வலிக்க வலிக்க அமுக்கினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

மகளால் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்க முடியும்? தொழில் தெரிந்த கை சும்மா இருக்காது. "பின்னாடி பவர் சப்ளை சுவிட்ச் போட்டியா?"

போடவில்லை. 'கரண்டு பில்லு யாரு கட்டுறது' என்று பெரியவள் நாள் தவறாமல் கேட்கிற கேள்விக்குப் பயந்து, சுவரில் இருந்த சுவிட்ச்சோடு பின்னால் இருந்த அந்தக் குட்டி சுவிட்ச்சையும் நேற்று அணைத்திருந்தாள். காலையில் சுவர் சுவிட்ச்சை மட்டும் போட்டிருந்தாள்.

மகள் பெட்டியைத் திருப்பினாள். சுவரைப் பார்த்திருந்த பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. சுவிட்ச்சுக்குப் போன அவள் கை வழியிலேயே நின்றது. விரல்கள் தகட்டின்மேல் மெல்ல ஊர்ந்தன.

"இது என்ன?"

"அதுவா... ஒண்ணுமில்லம்மா. கீழ விழுந்தப்போ பட்ட கீறல். தேய்ச்சுப் பாத்தேன், போகல."

"கீறல் இல்லம்மா." மகள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "நான் போட்ட கோடு. ஜெயிச்ச ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காம்பஸால ஒரு கோடு. நாப்பத்தொண்ணு. இது என் பெட்டி!" சட்டென்று நிமிர்ந்தாள். "வித்துட்டேன்னு சொன்னியே... வித்த பெட்டி எப்படிக் கீழ விழுந்துச்சு?"

சின்னவள் வாயைத் திறந்தாள். நாலு வருஷமாகக் காப்பாற்றி வந்த பொய்யை இப்போது எங்கே போய்த் தேடுவது? "திரும்ப... திரும்ப வாங்கிட்டேன்..." என்றாள். அவள் காதுக்கே அது நொண்டியது.

"அவள விடு. நான் சொல்றேன்."

வாசற்படியில் மூத்தார் நின்றிருந்தார். மகளின் பையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தவர், அதைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். பின்னாலேயே காபி டம்ளரோடு பெரியவள்.

"நான்தான் அதக் கீழ போட்டேன். நீ கதவ சாத்திக்கிட்டு எவனோடயோ பேசுறேன்னு எனக்குப் புத்தி போச்சு. நீ காலேஜுக்குப் போனதும் புடுங்கித் தூக்கிக்கிட்டுக் கீழ எறங்கினேன். கோவத்துல கால் தடுக்கிப் படில உருண்டுச்சு... எல்லாம் சில்லு சில்லாப் போச்சு. உங்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றதுன்னு படிலயே உக்காந்துட்டேன். உங்கம்மாதான், 'நான் வித்ததா சொல்லிக்கிறேன் மாமா, நீங்க வாயே திறக்காதீங்க'ன்னா. நானும்... திறக்கல."

"அடப்பாவி மனுஷா!" பெரியவள் டம்ளரை டக்கென்று தரையில் வைத்தாள். "நாலு வருஷமா இவள நான் பேசாத பேச்சு உண்டா? எல்லாத்தையும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு, சோத்தப் பிசைஞ்சு தின்னுக்கிட்டு இருந்தீங்களே! தொண்டைல எப்படிங்க எறங்குச்சு?" பெரியவள் சின்னவளின் பக்கம் திரும்பினாள். திட்டித்தான் பழகிய வாய்க்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. "ஏன்டி... நீயாவது ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மகள் அவர்களைப் பார்க்கவில்லை. தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா?"

"அன்னைக்கு நீ பெரியப்பாகிட்ட எதுத்துப் பேசியிருப்ப. நாம ரெண்டு பேரும் எங்கடி போயிருப்போம்? உனக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருந்துச்சு, அவருதான் பணம் கட்டினாரு. எம்மேல கோவம்னா... அம்மா மேல கோவம் எத்தன நாளைக்கு இருக்கும், நீ திரும்பி வந்துருவன்னு நெனச்சேன்." சின்னவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "நீ வரலையே கண்ணு... வரவே இல்லையே!"

அதற்குமேல் மகளால் தாங்க முடியவில்லை. ஓடிவந்து தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். அன்று காலி மேஜையைப் பார்த்து அழாத அழுகை அத்தனையும் இப்போது வந்தது. சின்னவள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். மகள் தன்னைவிட உயரமாகிவிட்டாள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மூத்தார் பையை ஓசைப்படாமல் தரையில் வைத்துவிட்டு, பெரியவளைக் கூட்டிக்கொண்டு கீழே போனார்.

நெடுநேரம் கழித்து மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்சுவிட்ச்சைப் போட்டாள். விசிறிகள் சுழன்றன. பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சின்னவள் முன்பெல்லாம் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள். இன்று நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஜெயிச்சியா?"

"தோத்துட்டேம்மா. கை மறந்துபோச்சு."

"இன்னொண்ணு ஆடு."

அதிலும் தோற்றாள். அடுத்ததிலும் தோற்றாள். கீழே கடிகாரம் ஒன்றரை காட்டியது, இரண்டு காட்டியது. பஸ்ஸைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நாலாவது ஆட்டம் முடிந்ததும் மகள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள். சொல்லவே வேண்டாம், முகத்தில் இருந்தது.

மேஜையில் கிடந்த குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தாயின் கையில் வைத்தாள். "நீ போடு."

"நானா? நீதானே ஜெயிச்ச..."

"போடும்மா. அடுத்த வாரம் நான் வெளிநாடு போனதுக்கப்புறமும் நீதான் போடணும். ஞாயித்துக்கிழமை ஜெயிச்சா போன்ல சொல்றேன்."

கடுகை விடச் சிறிய திருகாணியை ஒரே முயற்சியில் மாட்டுகிற கை அது. இன்று தகட்டைத் தொட்டதும் நடுங்கியது. நாற்பத்தொரு நேர்க்கோடுகளுக்குப் பக்கத்தில் நாற்பத்திரண்டாவது கோணலாக விழுந்தது.

"அடடா... கோணிப் போச்சே!"

"இருக்கட்டும்மா," என்றாள் மகள். "அது உன்னோடது."