பின்னணிச் சத்தம்

புதிதாக வாங்கிய வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என ஒலிப்பதிவில் ஒரு பெரியவர் புலம்பிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால் எங்கோ யாரோ கதவைத் தட்டினார்கள். விரல் மூட்டால் டொக் டொக் என்று இரண்டு, கொஞ்சம் இடைவெளி, அதன் பிறகு உள்ளங்கையால் பளாரென்று ஓர் அறை.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் எறிந்தாள். சிட்டுதான், வேறு யார். பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து மகளுக்கு இந்தக் கதவைத் தட்டுவதுதான் பொழுதுபோக்கு.

"வேலை பாக்கும்போது தட்டாதேன்னு எத்தன தடவடி சொல்றது?"

கத்திக்கொண்டே கதவைத் திறந்தால் யாரும் இல்லை. கூடத்து சோபாவில் சிட்டு வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து பதிவைப் பின்னால் ஓட்டிக் கேட்டாள். சத்தம் அதற்குள்தான் இருந்தது.

வீட்டுச் சாமான் விற்கும் ஒரு கம்பெனியின் புகார் எண்ணுக்கு வரும் அழைப்புகளைக் கேட்டு, பேசியதைப் பேசியபடியே டைப் செய்து அனுப்புவது அவளுடைய வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்றபோது சொர்க்கம் கிடைத்தது போலத்தான் இருந்தது. பஸ்ஸில் இடிபட வேண்டாம், பழைய நைட்டியிலேயே பிழைப்பை ஓட்டலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடமும் பல்லிளித்து லீவு கேட்க வேண்டாம். அந்தச் சொர்க்கம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. 'வீட்லதானே இருக்க' என்று சொல்லியே அவளை ஆளாளுக்குப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரியின் பார்சலை வாங்கி வைப்பதும், மாமியாருக்கு போனில் மருந்துப் பெயரைப் படித்துச் சொல்வதும், எல்லாரும் தின்ற தட்டைக் கழுவுவதும் வீட்டில்தானே இருப்பவள் பாடு.

கணவனும் வீட்டில்தான் இருந்தான். ஆனால் அவன் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடே அடக்கி வாசிக்கும், குக்கர்கூட விசிலடிக்க யோசிக்கும். அவள் கதவைச் சாத்தினால் மட்டும் எல்லாருக்கும் கை அரிக்கும்.

கதவு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வாய்த்தது சாமான் அறைக் கதவு. உடைந்த நாற்காலியையும் பழைய பெட்டிகளையும் அவளேதான் இழுத்து வெளியே போட்டாள். ஒரு பெட்டி நழுவி விழுந்து இடது கால் பெருவிரல் நகம் கன்றிக் கறுத்தது, இன்னும் வெளுக்கவில்லை. சாமான் அறைக்கு எங்கும் போல வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள். உள்ளே ஒன்று போட்டுக் கொடுங்கள் என்று கணவனிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் அவளே திருப்புளியை எடுத்து ஒரு கொக்கியை முடுக்கிக்கொண்டாள். வெளிச்சத்தம் வராமலிருக்கக் கதவடி இடுக்கில் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டித் திணித்துவிடுவாள். வெளியே போகும்போது சிட்டு கம்ப்யூட்டரில் கை வைக்காமலிருக்க வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போவாள்.

அடுத்த பதிவில் பேசியவள் ஓர் இளம்பெண், மிக்ஸியில் புகை வருகிறது என்றாள். அவளுக்குப் பின்னாலும் டொக் டொக், ஓர் அறை. அதற்கடுத்து ஒரு வாத்தியார், ஃபிரிட்ஜ் புகார். அவர் வீட்டிலும் அதே தட்டல், அதே இடைவெளி. கையெழுத்தைப் போலத் தட்டுவதும் ஆளுக்கு ஆள் மாறாதா? அவள் மேற்பார்வையாளரை போனில் பிடித்தாள்.

"சார், எல்லாப் பதிவுலயும் ஒரே ஆள் கதவத் தட்டுற சத்தம் கேக்குது. யாரோ உள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

"மேடம், பின்னாடி கேக்கிற சத்தத்த டைப் பண்ணக் கூடாதுன்னு தெரியும்ல? கஸ்டமர் பேசுறத மட்டும் கேளுங்க."

"காதுல விழுதே சார். விழாத மாதிரி எப்படி இருக்கறது?"

"வீட்லதானே இருக்கீங்க, உங்க வீட்டுச் சத்தமா இருக்கும். பாத்துக்குங்க."

போனை வைத்துவிட்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனும் அதே பாட்டுத்தான் பாடுகிறான்.

மறுநாள் தட்டல் கேட்டபோது ஹெட்போன் அவள் காதில் இல்லை. பாய்ந்துபோய்க் கதவைத் திறந்தாள். எதிரே சிட்டு நின்றிருந்தாள், கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் போல. அவள் பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னிக்கு மாட்டினியா? ஏன்டி தட்டின?"

"நான் தட்டலம்மா." சிட்டுவுக்கு உதடு பிதுங்கியது. "நீதான் உள்ளேர்ந்து தட்டுற."

"நான் எதுக்குடி தட்டப்போறேன்?"

"தொறந்து விடச் சொல்லித்தான். நேத்துகூடத் தொறந்து விட்டேனே."

"நேத்து நான் கடைக்குல்ல போயிருந்தேன்?"

"ஆமா, நீ போனப்புறம்தான் தட்டின. தாழ்ப்பாள் இறுக்கமா இருந்துச்சு, ரெண்டு கையாலயும் இழுத்தேன். நீ வெளிய வந்து என்னைத் தூக்கிக்கிட்ட. உன் மேல தூசி வாசனை வந்துச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீ திட்டவே இல்ல."

திட்டு வாங்கும் பிள்ளை கட்டிய கதை என்று அவள் நினைத்தாள், அப்படி நினைக்கத்தான் விரும்பினாள். ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது கணவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"மத்தியானம் இருந்த மாதிரியே சிரிச்ச முகமா இருந்தா என்ன கொறஞ்சிடும்?"

"மத்தியானம் நான் எங்க சிரிச்சேன்? ரூமை விட்டு வெளியவே வரலயே."

"டீ கொண்டாந்து வச்சியே. மீட்டிங் முடியற வரைக்கும் பக்கத்துலயே நின்ன. ஒரு கொற சொல்லல. வேலைய விட்டுட்டியோன்னு நெனச்சேன், நிம்மதியா இருந்துச்சு."

முதலில் வந்தது கோபம்தான், பயம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்தது. வாய் பேசாத ஒருத்தி பக்கத்தில் நின்றால் இவனுக்கு நிம்மதி, அவள் யார் என்றுகூடப் பார்க்கத் தோன்றவில்லை. பாத்திரங்களை வீடு அதிரத் தேய்த்தாள். இரவெல்லாம் சிட்டுவை அணைத்தபடி படுத்திருந்தாள்.

காலையில் அந்த அறைக்குள் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் அவளுக்கென்று இருக்கிற ஒரே மூலையையும் பயத்துக்குத் தாரை வார்க்க அவள் தயாராக இல்லை. மகளுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொண்டால் போதும். சிட்டுவின் முகத்தைக் கையில் ஏந்திச் சொன்னாள்:

"நல்லாக் கேட்டுக்க. உள்ளேர்ந்து யார் கூப்பிட்டாலும் தாழ்ப்பாளத் தொடக் கூடாது. என் குரல்ல கூப்பிட்டாலும் கூடாது. நானே கெஞ்சினாலும் கூடாது. சத்தியம் பண்ணு."

சிட்டு அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

உள்ளே போய்க் கொக்கியைப் போட்டாள். துண்டைத் திணித்தாள். அன்றைய முதல் பதிவு ஓடத் தொடங்கியதும் குளிர்பதனப் பெட்டியின் உறுமலும், அதற்கு மேல் எங்கோ குழாய் சொட்டுவதும், ஒரு சின்னப் பெண் ஏதோ பாட்டை முணுமுணுப்பதும் கேட்டன. பழக்கமான பாட்டு. காலையில் பல் தேய்த்துக்கொண்டே சிட்டு பாடியது. பிறகு ஒரு பெண் பேசினாள். பணிவாக, இனிக்க இனிக்க.

"ஒண்ணும் அவசரமில்லீங்க. நான் வீட்லதான் இருக்கேன். எப்ப வேணா வாங்க."

அது அவளுடைய குரல்.

பின்னால், டொக் டொக். இடைவெளி. அறை. அதோடு இன்று ஓர் அலறலும். தூரத்தில், சுவருக்குப் பின்னாலிருந்து. "சிட்டு! சிட்டு!"

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். கதவுக்கு ஓடினாள். கொக்கியைத் தள்ளினாள். கதவு அசையவில்லை. தோளால் இடித்தாள். வெளியே தாழ்ப்பாள் கடகடத்தது. யாரோ போட்டிருந்தார்கள்.

தட்டினாள். விரல் மூட்டால் இரண்டு. மூச்சு வாங்கியது. ஆத்திரத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம்.

"என்ன சத்தம் அது?" கூடத்திலிருந்து கணவன்.

"அது வேலைச் சத்தங்க. நீங்க டீயக் குடிங்க." அவளுடைய குரல். சமையலறையிலிருந்து.

"நான் இங்க இருக்கேன்! அது நான் இல்ல! கண்ணத் தொறந்து பாருய்யா!" தொண்டை கிழியக் கத்தினாள். டிவியின் சத்தம் கூடியது. எட்டிப் பார்க்கக்கூட அவன் எழுந்து வரவில்லை.

துண்டை உருவி எறிந்து தரையில் படுத்தாள். இடுக்கில் வெளிச்சம். கதவை ஒட்டி இரண்டு சின்னக் கால்கள்.

"சிட்டு, அம்மாடி. தாழ்ப்பாள இழு தங்கம். ரெண்டு கையாலயும் இழு."

கால்கள் நகரவில்லை. அழுகையை விழுங்கிய குரல் கேட்டது.

"நீயே கெஞ்சினாலும் தொறக்கக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்கா."

"அது நான்தான்டி! நான்தான் வாங்கினேன்!"

சின்னக் கால்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கால்கள் வந்து நின்றன. இடது பெருவிரல் நகம் கறுத்திருந்தது.

"சமத்து." அந்தக் குரலில் துளிக் கோபம் இல்லை. "சத்தம் வராம இருக்கணும்னா என்ன பண்ணணும், தெரியுமா?"

கால்கள் மடங்கின. தூசி வாசனை இடுக்கு வழியாக உள்ளே வந்தது. சுருட்டிய துண்டு ஒன்று ஒரு மூலையிலிருந்து மெல்ல மெல்ல உள்ளே நுழைந்தது, வெளிச்சத்தை மூடிக்கொண்டே. அதைத் தள்ளிய விரல்கள் அவளுடையவை. கடைசியாக மிச்சமிருந்த துளி வெளிச்சத்தில், அந்த விரல்களோடு சேர்ந்து சின்ன விரல்களும் தள்ளின.