நாலடித் தூரம்

ஏழாம் குழிநகரில் ரவுடிகள் முகமூடி போடுவதில்லை. விளக்குக்கு முதுகைக் காட்டி நின்று அடிப்பார்கள். பின்னால் வெளிச்சம் இருந்தால் படத்தில் முகம் இருண்டுவிடும். செவ்வாய்க் கிரகத்தின் அந்தச் சுரங்க ஊரில் எல்லோருக்கும் வலது கண்ணில் ஒரு படக்கண் பொருத்தியிருந்தது. அது எடுத்த படத்தில் தெளிவாக விழுந்தது மட்டுமே சாட்சி. வாய்ச் சாட்சியை எப்போதோ ஒழித்துவிட்டார்கள். அவ்வளவு பொய் சொல்லித் தீர்த்திருந்தார்கள்.

தண்ணீர்க் குழாயில் திருட்டு இணைப்பு இருப்பதாகச் சேந்தன் புகார் கொடுத்தான். மறுநாள் காலை குழாயடியில் மூன்று பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் அடியில் முழங்கால் நொறுங்கியது. அடுத்த அடி வாயில் விழுந்து பற்கள் தெறித்தன. கேன் நிறையத் தண்ணீரோடு வந்த மனைவி மாதங்கியைப் பார்த்து, "மாதங்கி, வாடி" என்று கத்தினான்.

மாதங்கி கேனைக் கீழே வைத்தாள். இந்த மூவரையும் தூக்குமேடைக்கு அனுப்பாமல் விடுவதில்லை என்று அந்த நொடியிலேயே தீர்மானித்துவிட்டாள். முதுகு விளக்குத் தந்திரம் அவளுக்குத் தெரியாததல்ல. படக்கண்ணின் துளையை முழுதாகத் திறந்தாள். துளை பெரிதானால் வெளிச்சம் கொட்டும், இருண்ட முகமும் துலங்கும். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. படக்கண்ணின் கண்ணாடி வில்லை குறிபிடித்த தூரத்தில் இருப்பது மட்டும் கூர்மையாக விழும். முன்னும் பின்னும் கலங்கிப்போகும். பதற்றத்தில் அதை மறந்தாள். வில்லை கணவனின் முகத்தைத்தான் பிடித்தது. பெண்டாட்டியின் கண் வேறெங்கே போகும்?

கம்பி ஓங்கி ஓங்கி இறங்கியது. சேந்தனின் மண்டை பிளக்கும் வரை மூச்சை அடக்கி நின்று பதினோரு படங்கள் எடுத்தாள்.

நீதிமன்றத் திரையில் சேந்தனின் கண்ணீர்கூடத் துளித்துளியாகத் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் இருந்தவை மூன்று வண்ணக் கறைகள். கறைகளைத் தூக்கில் போட முடியாது என்று நீதிபதி பைங்கிளி மூவரையும் விடுவித்தார். மாதங்கி நெஞ்சில் அறைந்துகொண்டு அலறினாள். மூவரில் ஒருவன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெளியே போனான்.

படத்தில் ஐயமில்லாமல் நிரூபணமானது ஒன்றே ஒன்று என்றார் படக்கண் நிபுணர். வில்லை நின்ற நிலையைக் கணக்கிட்டால், படம் எடுத்தவர் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்பது துல்லியமாகத் தெரியும்.

நீதிபதி மாதங்கியின் பக்கம் திரும்பினார். "நாலடித் தூரம்மா. பக்கத்துலயே தண்ணிக் கேன் இருந்திருக்கு. தூக்கி ஒருத்தன் தலையில போட்டிருக்கலாமே?"

"அசைஞ்சா படம் கலங்கிடும்மா."

நீதிபதி மெல்லத் தலையாட்டினார். மகனைப் பறிகொடுத்த சேந்தனின் தாயும், "அதுவும் சரிதான்" என்று அழுதாள். மாதங்கி மேல் குற்றமில்லை என்று முடிவாயிற்று.