பசி மேலே போகும் வழி

காலை ஒன்பது மணிக்கே தனிக்கொடியின் வயிற்றில் மூவாயிரத்து நூறு பேருக்குப் பசித்தது.

ஆறு இட்லி தின்றுவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தாள். தின்று என்ன பிரயோசனம்? அவளுடைய பசியாக இருந்தால் அல்லவா இட்லிக்கு அடங்கும். முள்ளிக்குடா உப்பளத்து ஜனங்கள் அத்தனை பேரின் பசியும், அவர்கள் தொப்புளுக்குக் கீழும் அவள் தொப்புளுக்குக் கீழும் பதித்த நெல்மணி அளவுக் கருவி வழியாக அவளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மொத்தமும் அப்படியே இறங்கினால் ஆள் செத்துப்போவாள் என்று வடிகட்டித்தான் அனுப்புகிறார்கள். வடிகட்டியே இந்த லட்சணம்.

பசிக்கடத்தி என்று அதற்குப் பெயர். கிடங்கில் அரிசி புழுத்துக் கிடக்க, வாசலில் பிள்ளைகள் செத்து விழுந்த பஞ்சத்தில் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஊர் ஜனங்களின் பசி அந்த ஊர்க் கிடங்கு அதிகாரிக்குப் போகும், முள்ளிக்குடாவில் அது தனிக்கொடி. பன்னிரண்டு கிடங்கு அதிகாரிகளின் பசி மாவட்ட ஆணையருக்குப் போகும். ஆணையர்களின் பசி தலைநகரில் உணவுச் செயலருக்கு. முதல் வருஷம் லாரிகள் பறந்தன. பதுக்கியவர்கள் தாங்களே வந்து மூட்டையை இறக்கினார்கள். கருவியைப் பிடுங்கவும் முடியாது, நரம்போடு நரம்பாகப் பின்னிக்கொள்ளும். உயிர் போனால்தான் அது ஓயும்.

பிறகு மழையும் பொய்த்தது, கப்பலும் நின்றது. முள்ளிக்குடாவுக்கு லாரி வந்து பதினெட்டு நாளாகிறது. தலைக்கு ஒரு டம்ளர் கஞ்சி என்று ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே மண்பானைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. தனிக்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். கேட்டுக்கு முன்னால் பெண்கள் வரிசையாகப் பானைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள். உப்பளத்தில் கூலி மறுத்த காலத்திலிருந்து இங்கே அதுதான் வழக்கம். முதலாளி வீட்டு வாசலில் பானையைக் கவிழ்த்துப் பட்டினியாக உட்கார்ந்துவிடுவார்கள். கொடுக்க வேண்டியவன் வந்து தன் கையால் நிமிர்த்த வேண்டும். அதுவரை யாரும் தொட மாட்டார்கள்.

முதல் பானையை வைத்தவள் சவரியம்மாள். உப்பு வாரி வாரி உள்ளங்கை வெடித்தவள், பேச்சில் மட்டும் வெடிப்பே கிடையாது.

"கஞ்சியையும் நிறுத்திட்டோம்மா" என்றாள். "நாங்க வயித்தைக் காயப்போட்டா ஒங்களுக்குக் காயும். ஒங்களுக்குக் காஞ்சா மேல இருக்க மனுசனுக்குக் காயும். பங்குனில இப்பிடிக் காயப்போட்டப்ப மூணாம் நாளே லாரி வந்துச்சுல்லா?"

"பிள்ளைத்தாச்சிங்க இருக்காங்கக்கா. இது வேண்டாம்."

"ஒங்க மேல கோவமில்ல தாயி. நீங்க ஒரு வழி, அம்புட்டுதான்."

முதல் நாள் தாங்கினாள். இரண்டாம் நாள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உருண்டாள். மூன்றாம் நாள் பித்தநீர் கக்கினாள். காவலாள் உடையப்பன் துப்பாக்கியோடு கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வெளியூர்க்காரன், அவனுக்குக் கருவி கிடையாது.

"வெள்ளரிமேட்டுக் கிடங்குல போன வாரம் சுட்டாங்க மேடம்" என்றான். "நாப்பத்திரண்டு பேரு. அந்த சார் இப்ப நல்லா சாப்பிடுறாராம்."

"வாயை மூடு."

"செத்தவனுக்குப் பசிக்காது மேடம். அதைத்தான் சொல்றேன்."

அவள் அவனை வெளியே போகச் சொன்னாள். ஆனால் அவன் சொன்னது போகவில்லை, உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. அதற்காகத் தன்னையே கன்னத்தில் அறைந்துகொண்டாள்.

வெளியே போன உடையப்பன் செய்த வேலையைப் பாருங்கள். மூவாயிரம் பேர் பட்டினி கிடக்கும் கேட்டுக்கு உள்பக்கம் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தான். சோறும் வறுத்த கருவாடும். புத்தி கெட்டவன். வாடை காற்றோடு போனது.

கேட் மூன்றே மோதலில் விழுந்தது. ஆட்கள் அவனை மயிரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். உப்பு வாரும் மரப்பலகையால் ஒருவன் அடித்ததில் முன்பற்கள் தெறித்தன. மல்லாந்து கிடந்தபடியே அவன் இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு கேட் கம்பியில் பட்டது. இன்னொன்று சவரியம்மாளின் தம்பி ஞானமுத்துவின் தொண்டையைக் கிழித்துக்கொண்டு போனது. அவன் உப்பு அம்பாரத்தின் மேல் சாய்ந்தான். வெள்ளை உப்பு சிவந்து, கரைந்து, அவனோடு சேர்ந்து சரிந்தது.

தனிக்கொடி வாசலுக்கு ஓடி வந்தபோது அவன் கால் இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. நின்ற அந்த நொடியில் அவள் வயிற்றில் ஒரு முள் கழன்றது.

மூவாயிரத்து நூறில் ஒன்று. ஆனாலும் தெரிந்தது. ஒரு நொடி சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"விடுங்க, அவனைக் கொல்லாதீங்க" என்று கத்திக்கொண்டு உடையப்பனைச் சூழ்ந்த கூட்டத்துக்குள் பாய்ந்தாள். யார் காதில் விழுந்தது? பலகைகள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. அவர்கள் விலகியபோது உடையப்பனின் முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. அவன் செத்தது அவளுக்கு வயிற்றில் தெரியவேயில்லை.

தரையில் கிடந்த துப்பாக்கியை எடுத்து உப்புப் பாத்தித் தண்ணீரில் வீசினாள். மேசைக்குப் போய்த் தன் டிபன் கேரியரைத் தூக்கி வந்து, இட்லியைக் காக்காய்க்குக் கொட்டிவிட்டு, சவரியம்மாளின் பானைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். தம்பியின் தலையை மடியில் வைத்திருந்த சவரியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். நகர்ந்து இடம் விட்டாள்.

போன் அடித்தது. ஆணையர் ரங்கபாஷ்யம்.

"தனிக்கொடி, குடலைப் பிடுங்குதும்மா. மூணு நாளா தூக்கமில்ல. ஒரு வாய் கஞ்சியாவது குடிக்கச் சொல்லுங்க அவங்களை."

"குடிக்க மாட்டாங்க சார். இப்ப நானும் நிறுத்திட்டேன். அரிசி வந்தாத்தான் பானை நிமிரும்."

"அரிசி எங்கம்மா இருக்கு?"

"துறைமுகத்துல ராணுவக் கையிருப்பு இருக்கு சார். உங்களுக்கும் தெரியும்."

ஆணையரின் குரல் தணிந்து வந்தது.

"நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"கிடங்கு வாசல்ல சார். கேட்டுக்கு முன்னால."

"அங்கேயே இருங்க. லாரி அனுப்பறேன்."

அவள் அதை உரக்கச் சொன்னபோது கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள். ஞானமுத்துவின் மேல் சாக்கைப் போர்த்தினார்கள். லாரி வர வழி வேண்டுமென்று, கவிழ்த்த பானைகளைக் கவிழ்த்தபடியே ஓரமாக நகர்த்தினார்கள்.

நாலு மணிக்கு லாரி வந்தது. தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஆறு சிப்பாய்கள் குதித்தார்கள். உள்ளே ஒரு மூட்டை கூட இல்லை. ஆறு துப்பாக்கி மூவாயிரம் பேரை என்ன செய்துவிடும் என்றுதான் தனிக்கொடி முதலில் நினைத்தாள். அப்புறம்தான் கவனித்தாள், முன்னால் வந்தவன் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த ஒரு படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான்.

அவளுக்கு விளங்கிவிட்டது. மூவாயிரம் பேரின் பசியும் மேலே போக இருப்பது ஒரே வயிறு.

"சவரியக்கா" என்றாள் அவசரமாக. "பானையை நிமித்திக் கஞ்சி குடிங்க. இனிமே பட்டினி கெடந்து பிரயோசனமில்ல. வழியை அடைக்க வந்திருக்காங்க."

சவரியம்மாள் குறுக்கே எழுந்தாள். துப்பாக்கிக் கட்டையால் அவள் தாடையில் ஒரே அடி. பிறகு இரண்டு குண்டு. தனிக்கொடி தன் டிபன் கேரியரின் மேலேயே விழுந்தாள். கூட்டம் கல்லெடுப்பதற்குள் லாரி புழுதியில் மறைந்துவிட்டது.

அறுபது கல் தொலைவில் ஆணையர் ரங்கபாஷ்யம் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். மற்ற பதினோரு ஊர்ப் பசி இருந்தது. ஆனால் தாங்கக் கூடிய பசி. புது அதிகாரியை நியமித்துக் கருவி பொருத்த மூன்று மாதமாவது ஆகும். ரசம் சாதம் கொண்டுவரச் சொன்னார். இரண்டாவது கவளத்தில் தலைநகரிலிருந்து போன் வந்தது. உணவுச் செயலர்.

"ரங்கபாஷ்யம், சாயங்காலம் வரைக்கும் உங்க மாவட்டம் என் வயித்தைப் பிராண்டிக்கிட்டே இருந்தது. திடீர்னு குறைஞ்சுடுச்சே. அரிசி கிடைச்சுதா?"

"அரிசி இல்ல சார். வேற வழி கண்டுபிடிச்சேன்." அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரையே சுட வேண்டியதில்லை, ஒரு ஆள் போதும் என்பதை ஒன்று விடாமல் சொன்னார்.

"இன்னும் பதினோரு கிடங்கு பாக்கி இருக்கில்ல?"

"இருக்கு சார். அதெல்லாமும் என் மூலமாத்தானே உங்களுக்கு வருது."

"ஆமா" என்றார் செயலர். "நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்லதான் சார். சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

"நல்லது, சாப்பிடுங்க. அங்கேயே இருங்க. லாரி அனுப்பறேன்."