முடியாத கதையாக ஒன்று

திரும்பி வந்த புத்தகத்தின் அட்டை காய்ந்திருந்தது. உள்ளே மட்டும் ஒவ்வொரு பக்கமும், யாரோ வாயருகே வைத்து வெகுநேரம் மூச்சு விட்டதுபோல் நமுத்துப்போயிருந்தது. அடைத்த அறையின் வாடை வேறு.

நூலகர் அதை விரித்து மின்விசிறிக்கு அடியில் வைத்தாள். எதிரே கடிகாரக்காரரின் மனைவி. அவர் படுத்த படுக்கையாகிக் கண்ணும் மங்கியதிலிருந்து இந்த அம்மாள்தான் புத்தகம் எடுத்துப்போய் வாசித்துக் காட்டுகிறாள்.

"இது புடிச்சிருந்துச்சாக்கா அவருக்கு?" போன புத்தகத்தைப் பற்றிக் கேட்காமல் அடுத்ததை நூலகர் யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை.

"புடிச்சுது. சீக்கிரம் முடிஞ்சிருச்சுன்னுதான் கோவம்." குரல் தேய்ந்து வெறும் காற்றாய் வந்தது. "பெருசா குடுங்க மேடம். முடியவே கூடாது."

அறுநூறு பக்கக் குடும்பக் கதை ஒன்றைத் தேடிக் கொடுத்தாள். அந்த அம்மாள் போன பிறகுதான் மேசையில் மூக்குக்கண்ணாடி கிடப்பதைப் பார்த்தாள்.

மாலையில் நூலகத்தைப் பூட்டிவிட்டு அதைக் கொடுக்கப் போனாள். கீழ்வீட்டுத் தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாடிக்கா? பாவம், அந்தம்மா தனியா இருக்காங்க. அவர் போய் இருபது நாளாச்சே."

துக்கத்தில் அந்த அம்மாளுக்குப் புத்தி தடுமாறியிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு படியேறினாள்.

கதவு உடனே திறந்தது. அந்த அம்மாள் கண்ணாடியை வாங்கிக்கொண்டாள்.

"ஒரே ஒரு பக்கம் நீங்க படிங்க மேடம். தொண்டைய நனைச்சிட்டு வந்துடறேன்."

மறுக்க மனம் வரவில்லை. ஜன்னல் சாத்திய அறை, சுருக்கமில்லாத கட்டில், பக்கத்தில் ஒரு நாற்காலி, அதன்மேல் அந்த அறுநூறு பக்கப் புத்தகம். காலிப் படுக்கைக்கு உரக்க வாசிப்பது அசட்டுத்தனமாக இருந்தது. ஆனாலும் அந்த அம்மாளுக்காக வாசித்தாள். கதையில் மூத்த மகன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான்.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

செருப்புச் சத்தம் தடதடவென்று படியிறங்கி ஓடியது. வாசிப்பு நின்றது.

கட்டில் கிறீச்சிட்டது. விரிப்பில் ஒரு குழி. யாரோ முழங்கை ஊன்றி எழுவதுபோல்.

"அப்புறம்?"

வாசித்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. வாசித்தாள். ஜன்னலில் வெளிச்சம் வடிந்துகொண்டே வந்தது. விளக்கு சுவிட்ச் கட்டிலுக்கு அப்பால். வரிகள் மங்கின. பிறகு எழுத்தே இல்லை.

வாய்க்கு வந்ததைச் சொன்னாள். மகன் வந்தான். அம்மா அழுதாள். எல்லோரும்...

"அதுல அப்படி இல்லையே."

காதோரம்.

மடியில் விரிந்திருந்த பக்கத்தின்மேல் ஒரு விரலின் கனம் இறங்கியது. வரிவரியாகத் தடவித் தடவி நகர்ந்தது. அவள் விட்ட இடத்தில் நின்றது.

"இங்கேருந்து படி."