பன்னிரண்டு பேர் சுமையில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் புனிதவதி அம்மையார் நான்காம் மாடி வாசலில் நின்று படகுக்குக் காத்திருந்தார். மூன்றாம் மாடிவரை ஏரி இருந்தது. அதில் யாருக்கும் வியப்பில்லை. வேளச்சேரி நீருக்குள் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. அதற்கு முன்பும் அது ஏரியாகத்தான் இருந்தது என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரி உண்டு. மாடிக்கு ஒருவராக மக்கள் வாழ்ந்தார்கள். அரிசியும் மருந்தும் குடிநீரும் பறக்கும் எந்திரங்களில் வந்து சேர்ந்தன. எந்தத் தேவைக்கும் இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதை அக்காலத்தின் பெருஞ்சாதனையாகச் சொல்வார்கள். அது உண்மையும்கூட.

அம்மையாரின் கவலை மிகச் சாதாரணமானது. ஒரு மிதவைப் படகு வாங்க வேண்டும். இரு குழல் படகா, மூன்று குழல் படகா என்பதுதான் தீரவில்லை.

வாசகர்கள் அனுமதித்தால் இதைச் சற்று விளக்கிவிடலாம். மிதவைப் படகு என்பது நீண்ட அலுமினியக் குழல்களின் மேல் அமைந்த ஒரு தட்டைத் தளம். அதன்மேல் இருக்கைகள், ஒரு கூரை, பின்புறம் ஒரு மின்பொறி. இரு குழல் படகு நான்கு பேருக்குப் போதும். மூன்று குழல் படகு பன்னிரண்டு பேரைத் தாங்கும். அதில் ஒருவர் மட்டும் சென்றால் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம். பன்னிரண்டு பேர் ஏறினால் இருபத்தாறு. பழைய காலத்தில் விற்பவர்கள் முதல் எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டார்களாம். ஆகவே ஒரு சட்டம் வந்தது. வாங்க வருபவரை முழுச் சுமையுடன் ஏற்றிச் சென்று காட்டிய பிறகே படகை விற்க வேண்டும். விற்பனை எந்திரம் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லவும் கூடாது.

சுமைக்காக நிறுவனங்கள் எடைப்பாவைகளை உருவாக்கின. மனித எடை, மனிதச் சாயல். படகில் மனிதர்கள் சும்மா இருப்பதில்லை. சாய்வார்கள், எழுவார்கள், கைநீட்டிப் பேசுவார்கள். பாவைகளும் அவ்வாறே பழக்கப்பட்டன. ஒருவருக்கு நான்கு சோதனை ஓட்டங்கள் அனுமதி. அம்மையாருக்கு இன்று கடைசி ஓட்டம். இன்று படகு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இந்தப் பாவைகளை இனிப் பார்க்க முடியாது. மூன்று வாரங்களாக அவரை உறுத்தியது குழல்களின் எண்ணிக்கை அன்று, இதுதான்.

படகு வந்து மாடியோடு உரசி நின்றது.

"வந்துட்டாங்கய்யா!" என்றது ஜமால் பாய் என்னும் பாவை. அறுபது வயதுத் தோற்றம், வெள்ளைத் தாடி, நல்ல தொப்பை. "ஏம்மா, இடது பக்கம் மட்டும் உக்காராதீங்க. போன வாரம் நீங்க உக்காந்ததும் ஏரித்தண்ணி என் முழங்கால் வரைக்கும் வந்துச்சு."

"உங்க தொப்பையைக் கொஞ்சம் வலது பக்கம் நகத்துங்க பாய். படகு தானா நேராயிடும்."

"பாயைத் தூக்கிப் போட்டா படகு பறந்தே போயிடும்கா," என்றது முன்வரிசை ரோஸ்லின் பாவை, முறுக்கு டப்பாவைப் பின்னால் நீட்டியபடி.

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். கணவர் காலமான பிறகு அவரைக் கேலி செய்ய ஒருவரும் துணிந்ததில்லை. ஒருவரும் இல்லை என்பதே சரியான வாக்கியம். இந்தப் பாவைகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவர் யாரோ, அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வாழ்த்தினார்.

விற்பனை எந்திரத்தின் பெயர் பணிவன். படகைச் செலுத்திக்கொண்டே அது அறிவித்தது: "பன்னிரண்டு பேர் சுமையில், நின்ற நிலையிலிருந்து முழு வேகம் பெறப் பதினான்கு வினாடி. வளைவில் சாய்வு மிகக் குறைவு. கவனித்தருள வேண்டும்."

யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நடு ஏரியில் ஜமால் பாய் குரலைத் தாழ்த்தியது. "எம் பொண்ணு பேசி ஏழு மாசமாச்சுமா. வாராவாரம் படம் அனுப்பிடுறா. நல்லாத்தான் இருக்கா."

எந்திரத்திடம் சொல்வதற்கு வெட்கம் எதற்கு என்று அம்மையாரும் சொன்னார்: "தண்ணி கேன் கொண்டாருதுல்ல, அதுகிட்ட வேணும்னே மாடியைத் தப்பாச் சொல்லுவேன் பாய். அப்பத்தான் திரும்பி வந்து, 'நீங்க புனிதவதிதானே'ன்னு கேக்கும்."

பாய் சிரிக்கவில்லை. "நான் மருந்து டப்பாவை வாங்கினதும் கீழ போட்டுடுவேன். 'அடிபட்டுச்சா'ன்னு கேக்கும்."

அம்மையார் எழுந்து நேராகப் பணிவனிடம் சென்றார்.

"மூணு குழல் படகையே எடுத்துக்கறேன்."

"மிக்க மகிழ்ச்சி, அம்மா."

"இரு, இன்னும் இருக்கு. எல்லாத்தையும் கேக்கலை. அந்த பாய் பொம்மையை மட்டும் படகோட சேத்துக் குடு. என்ன விலைன்னாலும் சரி."

"பொறுத்தருள வேண்டும், அம்மா. அவர் பாவை அல்லர். உங்களைப் போலவே படகு வாங்க வந்தவர்."

படகில் பேச்சு ஒவ்வோர் இருக்கையாக நின்றது.

"அப்ப மத்தவங்க?"

"பன்னிரண்டு பேரும் வாங்க வந்தவர்களே. பாவைகளை ஏற்றி இறக்குவதைவிட இது சிக்கனம் என்று நிறுவனம் கண்டது. யாரும் கேட்கவில்லை, ஆகையால் நானும் சொல்லவில்லை." உதவும் ஆர்வத்தில் பணிவன் மேலும் சொன்னது: "ஜமால் ஐயா சென்ற வாரம் உங்களை விலை கேட்டார். விற்பனைக்கு இல்லை என்று மட்டும் சொன்னேன்."

பன்னிரண்டு மனிதர்கள் ஓரிடத்தில் அமர்ந்திருப்பதை அங்கிருந்த எவரும் அதற்குமுன் கண்டதில்லை. ஒருவரையொருவர் ஒருமுறை பார்த்தார்கள். இதுவரை என்னவெல்லாம் சொல்லிவிட்டோம் என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பார்த்தார்கள். ரோஸ்லின் முறுக்கு டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

அம்மையார் தம் இருக்கைக்குத் திரும்பினார். ஜமால் பாய் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு இடம் விட்டார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். உடம்பைப் பத்தியெல்லாம் பேசிட்டேன்."

"பரவால்ல சார். நானும்தான்."

பிறகு ஒவ்வொருவராக உள்ளங்கையை விரித்தார்கள். உள்ளங்கைத்திரைகள் ஒளிர்ந்தன. பன்னிரண்டு தலைகளும் குனிந்தன.

"இந்த வேகத்தில் இவ்வளவு அமைதியான படகு வேறில்லை," என்று பணிவன் மகிழ்ச்சியுடன் அறிவித்தது.

நான்காம் மாடியில் அம்மையார் இறங்கினார். ஜமால் பாயும் எழுந்து நின்றார். அவருடைய உதடு அசைந்தது. அம்மையார் காத்திருந்தார். தொப்பையைப் பற்றி ஒரு சொல் சொன்னால் போதும் என்று அவருக்குத் தோன்றியது; ஒரு மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது?

"வரேன் மேடம்," என்றார் பாய்.

"சரிங்க சார்."

மாலையில் பணிவன் அம்மையாரின் சுவர்த்திரையில் தோன்றியது. "படகோடு பேசும் பாவை ஒன்று சேர்த்துக்கொள்ளலாம், அம்மா. வீட்டு உபயோகத்துக்கானது, பஞ்சால் ஆனது. எடையே இல்லை, ஆகவே படகின் வேகம் குறையாது. சோதனை ஓட்டத்தில் பதிவான குரல்களில் விரும்பியதைத் தரலாம்."

அம்மையார் திரைக்கு அருகே வந்தார். "அந்த பாயோட குரல் இருக்குமா?"

"இருக்கிறது, அம்மா."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை; ஆகையால் பணிவனும் வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் தம் புதிய படகில், பத்து வெற்றிருக்கைகளின் நடுவே ஏரியைச் சுற்றினார். அருகில் இருந்த பஞ்சுப்பாவை, "ஏம்மா, இடது பக்கம் உக்காராதீங்க," என்றது. அவர் சிரித்தார். எதிரே இன்னொரு மூன்று குழல் படகு வந்தது. அதிலிருந்து ஒரு பெண்குரல் காற்றில் தெளிவாகக் கேட்டது: "உங்க தொப்பையைக் கொஞ்சம் வலது பக்கம் நகத்துங்க பாய்."

அது அவருடைய குரல்.

இரு படகுகளும் கைநீட்டினால் தொடும் தொலைவுக்கு வந்தன. புனிதவதி அம்மையார் தம் பாவையின் சத்தத்தைக் குறைத்தார். ஜமால் பாயும் தம்முடையதைக் குறைத்தார். இருவரும் மிகுந்த மரியாதையுடன் தலையசைத்துக்கொண்டார்கள்.

பாவைகளுக்கு எடை இல்லை. ஆகவே இரு படகுகளும், ஒருவர் சுமைக்கென்று அந்நாளில் பெரிதாக அச்சிட்ட எண்ணின்படியே, மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் விலகிச் சென்றன.