படிக்குக் கீழே சிவப்பு

மாதுவின் மூக்கு நுனியில்கூட நீலம் ஒட்டியிருந்தது. "எப்படி இருக்கு மேரி?" என்று கேட்டுவிட்டு, நான் நன்றாகப் பார்க்கட்டும் என்று தள்ளி நின்றான்.

வகுப்புச் சுவரில் எங்கள் கிணற்றின் வரைபடம் தொங்கியது. கிராஃப் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிச் செய்த பெரிய படம். அதைப் பார்த்ததும் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

இது எண்பத்து மூன்றாம் வருடம் நடந்தது. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே கிணறு. இறங்கக் கல் படிகள் உண்டு. தண்ணீர் கடைசிப் படிக்கு மேலே நின்றால் குடத்தை அமிழ்த்தி எடுக்கலாம். படிக்குக் கீழே போய்விட்டால் வெறும் சேறுதான். அதைக் கொட்டாங்கச்சியால் வழித்து, துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும்.

பச்சியப்பன் சார் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று நானும் மாதுவும் கயிறு விட்டு அளக்க வேண்டும். கடைசிப் படிதான் பூஜ்யம். அதற்கு மேலே ஐந்தடி நின்றால் ஐந்து. கீழே மூன்றடி போனால் கழித்தல் மூன்று. விடுமுறையில்கூட அளந்தோம்.

மாது புள்ளிகளைச் சரியாகத்தான் வைத்திருந்தான். அவற்றைச் சேர்த்த கோடும் சரி. மழைக்காலத்தில் பூஜ்யத்துக்கு மேலே இருந்த கோடு, மெல்ல இறங்கி, கோடையில் பூஜ்யத்துக்குக் கீழே போய், மறுபடி ஏறியது. ஆனால் அவன் தாளின் அடி விளிம்பிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் நீலத்தை அப்பிவிட்டான். ஏப்ரல் மாதத்திலும் நீலம். மே மாதத்திலும் நீலம். வாசலில் நின்று பார்த்தால், வருடம் முழுக்க எங்கள் கிணறு தளும்பிக்கொண்டிருப்பது போல இருந்தது.

மறுநாள் பள்ளியில் கண்காட்சி. ஒன்றிய அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் வருவதாக இருந்தது. அந்த வருடம் எங்கள் பக்கத்துக்கு ஒரே ஓர் அடிபம்பு. எங்களுக்கா, ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊருக்கா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

"மே மாசத்துல எதுக்குடா நீலம் அடிச்சே?"

"தண்ணி நீலந்தானே?"

"எங்கடா இருந்துச்சு தண்ணி?"

என் சத்தம் கேட்டு சார் வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் படம் பிடித்திருந்தது. படிக்குக் கீழேயும் கொஞ்சம் தண்ணீர் இருக்கத்தானே செய்தது, அதனால் நீலம் அடித்தது தப்பில்லை என்றார். வெளியூர் ஆள் வரும்போது நம் ஊர்ப் படம் பச்சைப் பசேலென்று, அதாவது நீலமாக, இருந்தால் நல்லதுதானே என்றும் சொன்னார்.



"அது தண்ணி இல்லீங்க சார்," என்றேன். "அதைக் குடிச்சுத்தான் எங்க சவரி செத்தான்."

சவரி என் தம்பி. நடக்கிற வயதிலேயே ஓடப் பழகியவன். அந்த மே மாதத்தில் அவனுக்கு வாந்தியும் பேதியும் வந்தன. தருமபுரிக்குப் போகும் பஸ் வருவதற்குள் அம்மாவின் மடியிலேயே போய்விட்டான். ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் அதைச் சத்தமாகச் சொன்னதில்லை.

சார் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தணிந்த குரலில், புதிதாக வரைய கிராஃப் தாள் தீர்ந்துவிட்டதே என்றார். நீலத்தின் மேல் வேறு வண்ணம் அடித்தால் சேறு மாதிரி ஆகிவிடுமே என்று மாது கவலைப்பட்டான்.

நான் அவர் மேசையிலிருந்த பிளேடை எடுத்தேன். படத்தைக் கீழே விரித்து, பூஜ்யக் கோட்டின் மேலேயே ஸ்கேலை வைத்து, ஒரே இழுப்பாக வெட்டினேன்.

"ஐயோ, என் படம்," என்றான் மாது.

கோபத்தில்தான் வெட்டினேன். வெட்டிய பிறகுதான் எனக்கே புரிந்தது. பூஜ்யத்துக்கு மேலே இருந்த நீலம் முழுக்க உண்மை. கீழே இருந்த நீலம் முழுக்கப் பொய். பொய் தனியாகக் கழன்று என் கையில் வந்துவிட்டது.

அந்தக் கீழ்த்துண்டில், கோடை மாதங்களின் இடத்தில், வெட்டிய விளிம்புக்கும் கோட்டுக்கும் நடுவே நீலம் படாத வெள்ளை இருந்தது. கவிழ்த்து வைத்த மலை மாதிரி. படியிலிருந்து தண்ணீர் எவ்வளவு இறங்கியதோ, அவ்வளவு. அதைத்தான் காட்ட வேண்டும்.

வீட்டுக்கு ஓடினேன். மாதா திருவிழாவுக்குத் தோரணம் கட்டி மீந்த சிவப்புத் தாளும் ஒரு பழைய காலண்டரும் கிடைத்தன. எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. அம்மா அந்த நாட்களில் எதையும் கேட்பதில்லை.

வகுப்புக்குத் திரும்பி வந்து, வெள்ளைப் பகுதியைக் கத்தரித்து, சிவப்புத் தாளின் மேல் வைத்து, அதே வடிவத்தில் வெட்டினேன். மாது மைதாப் பசை காய்ச்சிக்கொண்டு வந்தான். சிவப்பு மலையின் ஒரு நுனி மெலிந்து நீண்டிருந்தது. "இது என்ன எலி வாலு? மார்ச் புள்ளியிலருந்து நேரா வெட்டிடலாம், பார்க்க நல்லாருக்கும்," என்றான்.

"பிப்ரவரியில அளந்தப்ப தண்ணி படிக்கு மேல. மார்ச்ல அளந்தப்ப படிக்குக் கீழ. நடுவுல சாம்பல் புதன் அன்னிக்கு, நெத்தியில சாம்பலோட போய்ப் பார்த்தேன். படி காஞ்சு கெடந்துச்சு. வாலை வெட்டினா, அந்த நாள்ல எல்லாம் நாங்க என்னத்தைக் குடிச்சோம்?"

காலண்டர் தாளை, வெள்ளைப் பின்பக்கம் தெரியும்படி, நீலத்துக்குக் கீழே ஒட்டினோம். அதன்மேல் வாலை மடங்காமல் பிடித்துச் சிவப்பை மாதுவே ஒட்டினான். மேலே நீலம் முடிகிற அதே இடத்தில் கீழே சிவப்பு தொடங்கியது. இடைவெளி இல்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் இல்லை.

மறுநாள் இன்ஜினியர் வந்தார். தெர்மாகோல் எரிமலையைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"இந்தச் சிவப்பு என்னம்மா?"

"படிக்குக் கீழ போன மாசங்க சார். சேறு குடிச்ச மாசங்க."

"போன வாரம் நானே வந்து பார்த்தேனே. கிணத்துல தண்ணி நல்லா இருந்துச்சே."

"நீங்க மே மாசத்துல வரலீங்களே சார்."

மாது என் முழங்கையைக் கிள்ளினான். பச்சியப்பன் சார் இருமினார். இன்ஜினியர் சிவப்பின் மேல் விரலை வைத்து, வாலிலிருந்து மறுமுனை வரைக்கும் மெதுவாக நகர்த்தினார். எப்போது தொடங்கியது என்று கேட்டார். சாம்பல் புதன் என்றேன். அவருக்கு அது எப்போது என்று தெரியவில்லை.

"சிவராத்திரி முடிஞ்ச வாரம் சார்," என்றான் மாது.

படத்தை அலுவலகத்துக்கு எடுத்துப்போகலாமா என்று இன்ஜினியர் கேட்டார். சார் சுருட்டிக் கொடுத்தார். ஜீப் போன பிறகும் மாது ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "திருப்பித் தருவாங்களா? அதுல என் நீலமும் இருக்குது," என்றான். திருப்பித் தரவே இல்லை.

பொங்கல் முடிந்து எங்கள் தெருவில் அடிபம்பு இறங்கியது. முதல் நாள் தெருவே கூடி நின்றது. யாரும் சொல்லாமலே எல்லோரும் விலகி, அம்மாவை முன்னால் விட்டார்கள்.

நான் கைப்பிடியை அழுத்தினேன். கலங்கல் போய், தெளிந்த தண்ணீர் வந்தது. அம்மா ஒரு கை ஏந்திக் குடித்தாள். பிறகு பம்பின் தலையில் பளாரென்று ஓர் அறை விட்டாள்.

"போன வருசம் வர்றதுக்கு உனக்கு என்ன கேடு?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடத்தைப் பம்பின் வாய்க்கு நேராக நகர்த்தி வைத்தாள்.

"அடி மேரி," என்றாள்.

குடம் நிறையும்வரை அடித்தேன்.